கார் கண்ணாடியில் மாட்டிய தட்டு

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய பழைய போட்டோ எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூர் இல்லை. நம்ம மெட்ராஸ்தான். கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிற ஹோட்டல்.

உன் பெரிய மாமா பெங்களூர் என்று அடித்துச் சொன்னது பின்னால் தெரிகிற மரங்களை வைத்து. சித்தியோ திருப்பதி போகிற வழியில் ஏதோ கடை என்றாள், பாட்டி மடியில் நான் மொட்டையோடு இருக்கிறேனே, அதுதான் அவளுக்குச் சாட்சி. மொட்டை போட்ட பிள்ளைக்கு மறுநாளே முடி முளைத்துவிடுமா என்ன? வீட்டுக்குத் திரும்பி எத்தனையோ நாள் கழித்துக்கூட எடுத்திருக்கலாம்.

நான் பார்த்தது கார் ஜன்னலை. நீயும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கவில்லை, கால்வாசி மேலே நிற்கிறது. அதன் விளிம்பில்தான் தட்டு தொங்குகிறது. தட்டில் இரண்டு டபரா, ஒரு எவர்சில்வர் தம்ளர். யார் கையும் அதைப் பிடித்திருக்கவில்லை. ரோட்டோரக் கடையில் வாங்கினால் ஜன்னல் வழியாகக் கையில் நீட்டுவார்கள், இப்படி மாட்டிவிட்டுப் போக மாட்டார்கள். காரை விட்டு இறங்காமல் சாப்பிடுவதற்கென்றே செய்த தட்டு அது.

அதுவே போதாது என்று மாமா சண்டைக்கு வருவார் என்று தெரியும். அதனால் பரணில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கி நெகட்டிவ்களைத் தேடினேன். தாத்தாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. உன் போட்டோ சதுரமாக இருக்கிறதே, அதற்கு அதுதான் காரணம். ஒரு சுருளுக்கு 12 படம்தான் விழும். தாத்தா ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து எடுப்பார். ஸ்டுடியோக்காரர் மூன்று மூன்றாக வெட்டிக் கொடுத்த துண்டுகள் அப்படியே இருந்தன. என் போனில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, மேலே நெகட்டிவை வைத்து, அப்பா போனில் படம் எடுத்து, நிறத்தைத் திருப்பிப் போட்டோம். கறுப்பு வெளுப்பாகி ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

தட்டு இருக்கிற படம் துண்டின் நடுவில். அதற்கு முந்தையது ஜெமினி மேம்பாலம். அடுத்தது வள்ளுவர் கோட்டம், கல்தேரைச் சுற்றி இன்னும் சாரம் கட்டியிருக்கிறது! மேம்பாலம் வந்தது 1973-ல், கோட்டம் திறந்தது 1976-ல். ஆக, ஊரோடு சேர்த்து வருஷமும் கிட்டத்தட்ட பிடிபட்டுவிட்டது. ஜெமினி பக்கத்தில் காரில் தட்டு மாட்டிக்கொண்டு சாப்பிட வேறு எங்கே போயிருப்பார்கள்?

பாட்டியிடமும் கேட்டேன், ஆனால் ஹோட்டல் பெயரைச் சொல்லாமல். கேள்வியிலேயே பதிலை வைத்தால் அவள் எல்லாவற்றுக்கும் 'ஆமாமா' என்று தலையாட்டிவிடுவாள். படத்தைக் கையில் கொடுத்து, "இது என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள், "கொஞ்சம் ஏத்திவிடுங்கம்மான்னு அந்தப் பையன் சொல்லுவான், அப்பதான் தட்டு நிக்கும்" என்றாள். மாமா பிறகு வாயைத் திறக்கவில்லை.

மாமா சொன்ன மரங்களுக்கும் கணக்கு சரியாகிவிட்டது. அந்த இடம் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த அரசு நிலம். 1962-ல் அங்கே டிரைவ்-இன் வந்தது. நடத்தியது உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ணா ராவ். 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவை வாடகைக்கு எடுத்து அவர் முதலில் ஹோட்டல் போட்டார், அந்த பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். நான் காலேஜ் படிக்கும்போது டிரைவ்-இன்னில் கார்களைவிட மெடிக்கல் ரெப்புகள்தான் அதிகம். ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பையைத் திறந்து ஆபீஸே நடத்துவார்கள், யாரும் எழுந்து போ என்று சொன்னதில்லை. இந்தக் காலத்து ஓட்டல்களில் கடைசி வாய் உள்ளே போவதற்குள் பில்லை வைத்துவிடுகிறார்கள். 2008-ல் மூடினார்கள், 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. போன தடவை குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனோமே, அதேதான். பழைய மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இனி நீ கேட்ட இன்னொரு கேள்வி: தாத்தாவிடம் கார் இருந்ததா? இல்லவே இல்லை. சைக்கிள், அப்புறம் பஸ் பாஸ், அவ்வளவுதான். நம்பர் பிளேட்டில் எம்.எஸ். என்று தெரிகிறது, மெட்ராஸ் ஸ்டேட்டாக இருந்த காலத்தில் பதிவான வண்டி. அதிலிருந்து காரின் வயது தெரியும், யாருடையது என்று தெரியாது. அதையும் பாட்டிதான் சொன்னாள். தாத்தாவோடு ஆபீஸில் வேலை பார்த்த நண்பருடைய ஃபியட்டாம். ஸ்டீயரிங் பக்கம் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறதே, அது அவருடையது. "பெட்ரோல் நாங்க போட்டோம்" என்று அழுத்திச் சொன்னாள்.

டிரைவ்-இன்னுக்கு நடந்தே போயிருக்கலாம், உள்ளே மேஜை நாற்காலி எல்லாம் இருந்தது. அதே தோசை, அதே காபி. கார் இல்லாதவர்களுக்குக் கிடைக்காதது தட்டு ஒன்றுதான். யாரிடமும் அஞ்சு ரூபாய் கைமாற்று கேட்கக்கூடக் கூசுகிற மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் கேட்டிருக்கிறார். அப்படிப் போயும் படத்தில் அவர் இல்லை, கேமரா அவர் கையில்.

ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'பெங்களூர்?' என்று போட்டிருந்தாயே, அதை மாற்றிவிடு. 1973க்கும் 76க்கும் நடுவில் என்று போட்டால் போதும், தேதி எல்லாம் வேண்டாம். நெகட்டிவ்களைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதே, மாட்டேன். பொங்கலுக்கு வரும்போது நல்ல ஸ்கேனராகப் பார்த்து நீயே போட்டுக்கொள். டின்னில் இன்னும் நிறையத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்றில் மாமா பாவாடை சட்டையில் இருக்கிறார், அதை அவரிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா