சுழியோடிகளின் மரணங்களும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் நீரடிக் குகையொன்றில் உயிரிழந்த சுழியோடியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு மறுவாரம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். உடல் வீடு சேருமுன்பே சக சுழியோடிகள் "கயிறு போட்டிருந்தாரா, காற்று எவ்வளவு மிச்சமிருந்தது" என்று விசாரித்தது ஈரமற்ற செயல் என அவர் வருந்தியிருந்தார். எட்டுச் செலவு முடியும்வரை இறந்தவரின் குறையைப் பற்றி யாரும் வாய்திறக்காத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன் என்பதால் அந்த வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆயினும், கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் இருபது ஆண்டுகளாகச் சுழியோடி வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திறந்த கடலில் இடர் நேர்ந்தால் மேலே வரலாம். குகையில் தலைக்கு மேல் பாறை இருப்பதால், எவ்வளவு தூரம் உள்ளே போனோமோ அவ்வளவு தூரமும் வந்த வழியே திரும்ப வேண்டும். அடியில் படிந்திருக்கும் சேற்றைக் கால் ஒருமுறை கிளப்பிவிட்டால் முகத்துக்கு முன் நீட்டிய சொந்தக் கைகூடத் தெரியாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஊற்றுக் குகைகளில் இப்படிப் பலர் இறந்த காலத்தில், ஷெக் எக்ஸ்லி என்ற சுழியோடி அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு கைநூலாக வெளியிட்டார். வாயிலிலிருந்து அறுபடாத வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவுக்கு மீறிய ஆழம் ஆகியவையே அம்மரணங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. குகைக்கென்றே பெற்ற பயிற்சியும், ஆளுக்குக் குறைந்தது மூன்று விளக்குகளும் வேண்டும் என்பவை பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டன.

இவற்றுள் காற்றைப் பற்றிய விதியைச் சற்று விளக்க வேண்டும். சிலிண்டரில் 200 பார் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் இருந்தால், மூன்றாகப் பிரிக்க வசதியாக அதைக் கணக்குக்கு 180 எனக் குறைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கான 60 பார் மட்டுமே உள்ளே செல்லப் பயன்படுத்தலாம். அழுத்தமானி 140 காட்டும்போது, இன்னும் இரண்டு முழத்தில் எவ்வளவு அழகான மண்டபம் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். மிகத் தொலைவான இடத்தில் துணையாளரின் காற்று முழுவதும் போய்விட்டாலும் ஒருவரின் சிலிண்டரில் இருவரும் வெளியே வந்து சேரலாம் என்பதே இதன் பொருள். அதாவது, அந்த மூன்றாவது பங்கு கூட வருபவருடைய உயிருக்கானது. அத்துடன், குழுவில் யாரும் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல், திரும்புவோம் என்பதற்கான சைகையாகப் பெருவிரலை உயர்த்தினால் மற்றவர்கள் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும். பயந்துவிட்டாயா என்று பிறகு கேட்பதும் தவறு.

எக்ஸ்லி 1994 ஏப்ரலில் மெக்சிக்கோவின் சக்காத்தோன் என்ற நீர்க்குழியில் 300 மீற்றருக்கும் கீழே செல்ல முயன்று இறந்தார். அவர் மீது பெருமதிப்பு வைத்திருந்தவர்களே அவருடைய மரணத்தையும் அவர் கற்றுக்கொடுத்த முறையிலேயே ஆராய்ந்தார்கள். தென் ஆவுஸ்திரேலியாவின் மவுண்ட் கம்பியரில் 1973இல் ஒரே குழியில் நால்வர் இறந்தபோது, அங்கிருந்த சுழியோடிகள் அதே ஆண்டில் சங்கம் அமைத்து, தேர்வில் தேறியவர்களே உள்ளே செல்லலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்.

என் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பலின் உட்பகுதியில் இறந்தார். திடீர் மரண விசாரணையில் எழுதப்பட்டது 'நீரில் மூழ்கியமை' என்பது மட்டுமே. அவருடைய சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சமிருந்தது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. நான் விசாரித்தபோது அது மீண்டும் நிரப்பப்பட்டு வேறொருவருக்கு வாடகைக்குப் போய்விட்டிருந்தது. "தம்பி, அவனுக்கு அங்க என்னதான் நடந்தது?" என்று அவருடைய தாயார் என்னிடம் கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நாங்கள் கேட்காமல் விட்டதைத்தான் அந்தத் தாயார் கேட்டார்.

கடிதம் எழுதிய அன்பர் சொல்வதில் ஒன்றை முழுமனத்துடன் ஏற்கிறேன். விவரம் தெரியுமுன் இறந்தவரை மடையர் என்று ஏசுவதை ஆராய்ச்சி என்று கொள்ள முடியாது. அதைச் செய்பவர்களுள் பலர் குகை வாயிலைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். அதுபோலவே, உடலையாவது கொண்டுவாருங்கள் என்று நம்மவர் மன்றாடும்போது மறுப்பதும் கடினமானதே. ஆனால் 1994இல் தென்னாபிரிக்காவின் புஷ்மன்ஸ் குழியில் இறந்த இளைஞரின் உடலை மீட்க 2005இல் சுமார் 270 மீற்றர் ஆழத்துக்குச் சென்ற டேவ் ஷா என்ற சுழியோடி அங்கேயே உயிரிழந்தார் என்பதையும் நினைக்க வேண்டும்.

இது நமக்குத் தூரத்து விடயமும் அல்ல. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு சுண்ணாம்புப் பாறையில் அமைந்த நீர்க்குழி. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. இவ்விரு நீரும் கலக்கும் மட்டத்தில் பார்வை எண்ணெய் பூசியதுபோல் மங்கும். அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்ற பழங்கதையை இறங்கிப் பார்த்துச் சோதிக்க எந்த இளைஞரும் துணியக்கூடாது.

ஆகவே தங்களிடமும் அதிகாரிகளிடமும் என் வேண்டுகோள் இதுதான். நம் கடலில் ஒரு சுழியோடி இறந்தால், சிலிண்டரின் அழுத்தம் அந்த இடத்திலேயே குறிக்கப்பட்டு, வால்வு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்பதும் பதியப்பட்டு, ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கைக்கணினி உட்பட எல்லாக் கருவிகளும் முத்திரையிடப்பட வேண்டும். அவற்றை வாடகைக்குக் கொடுத்தவர் அல்லாத ஒருவர் பரிசோதித்து, முடிவை இறந்தவரின் பெயரின்றி வெளியிட வேண்டும். தங்கள் நிருபர்களும், எவ்வளவு ஆழம் என்று எழுதும் இடத்தில், பயிற்சி இருந்ததா, கயிறு இருந்ததா, எவ்வளவு காற்றோடு திரும்பத் தொடங்கினார் என்பதையும் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
சுழியோடி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.