பிள்ளை தன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது: துணைநின்ற எல்லோருக்கும் நன்றி

பாலக்காட்டிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் இருக்கிற நம் மக்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்த பிள்ளை, இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தன் சொந்த அம்மாவிடம் போய்விட்டது. கடைவீதியில் பார்ப்பவர்கள், "ஆசையா வளர்த்தீங்க, இப்படி ஆயிடுச்சே" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்கிறார்கள். வீடு வெறிச்சென்று இருப்பது உண்மைதான். ஆனாலும் இதில் துக்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவுக்கு உடம்பு தேறும்வரை இருக்கத்தான் பிள்ளை எங்களிடம் வந்தது. அம்மா தேறினார், பிள்ளை போனது. இது இப்படி நல்லபடியாக முடிய எத்தனையோ பேர் கை கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். உங்கள் பெயரைப் போட்டால் பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் படிக்கும்போது உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்றும் சொல்லப்போவதில்லை.

தத்தெடுத்தோமா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது தத்து இல்லை, ஃபாஸ்டர் கேர். தமிழ்நாட்டில் வளர்ப்புப் பராமரிப்பு என்பார்கள். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வரும்போது, அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு பிள்ளையை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும். சட்டத்தில் 44ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சாப்பாடு, படிப்பு, உடம்பு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பிள்ளைக்குக் கெடுதல் வராது என்றால் பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கலாம். அவர்களால் மறுபடி பார்த்துக்கொள்ள முடியும் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை அவர்களிடமே திரும்பும். எங்களுக்கும் இதெல்லாம் முன்பு தெரியாது. குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்கு வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள் மனுப் போடலாம் என்று கேரளத்தில் பத்திரிகை அறிவிப்பு வரும். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் போய் விசாரித்ததில் ஆரம்பித்தது. அப்புறம் போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, வீட்டை வந்து பார்ப்பது என்று ஒவ்வொன்றாக நடந்தது.

எங்களுக்குக் கிடைத்த உதவியை எழுதுவதற்கு முன், அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி (ஆஷா என்பது பெயர் இல்லை, வேலையின் பெயர்), மாத்திரை தீர இரண்டு நாள் இருக்கும்போதே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவீர்களாம். "மருந்தைவிட அவங்க வந்து பேசிட்டுப் போறதுலதான் எனக்குத் தெம்பு வந்துச்சு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். அந்த அம்மாவின் ஊரில், கேரள அரசின் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவான அயல்கூட்டத்து அக்காமார்களுக்கும் நன்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, கைமாற்று கொடுத்து, குடும்பஸ்ரீ சமையல் வேலைக்கும் சொல்லிவிட்டது நீங்கள்தான். காய் நறுக்கும் வேலையில் தொடங்கியவர் இப்போது சாம்பார் வைக்கிறார்.

லைன் வீட்டுக்காரரே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி நின்றும் அந்த அறையை வேறு யாருக்கும் விடாமல் பூட்டிவைத்தீர்கள். அண்டா குண்டானைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பேச்சு வந்தபோது முதலில் எழுந்த கேள்வி, அம்மாவுக்கு இருக்க இடம் உண்டா என்பதுதான். உங்கள் பூட்டிய அறைதான் அதற்குப் பதிலாக இருந்தது.

இப்போது அந்த வீட்டுக்கு நிதி ஆதரவு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் எங்களைப்போன்ற வளர்ப்புக் குடும்பத்துக்கானாலும் சரி, கஷ்டப்படுகிற சொந்தக் குடும்பத்துக்கானாலும் சரி, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய்தான். மனசில் பட்டதைச் சொல்கிறேன். வேறு வீடு தேடுவதற்கு முன்னால், இந்தப் பணமும் பக்கத்துணையும் இருந்தால் பிள்ளை பெற்றவர்களிடமே இருக்க முடியுமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி இருக்காது.

அடுத்து, குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்த சோசியல் ஒர்க்கர் மேடம். மேடம் என்று எழுதினாலும் எனக்குத் தங்கச்சி வயசுதான். பிள்ளையின் அம்மா முதல் தடவை எங்கள் வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்க வந்த நாளை எப்படி மறப்பேன்? நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசல் பக்கத்துத் தரையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை என் பின்னாலேயே நின்றது, கிட்டப் போகவில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தீர்கள். "அக்காவுக்கு முதல்ல ஒரு காப்பி கொண்டு வாங்க" என்று என்னிடம் சொன்னீர்கள். பையிலிருந்து குழுவின் உத்தரவை எடுத்து, மலையாளத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னீர்கள். "பிள்ளையை உங்ககிட்ட இருந்து யாரும் பிடுங்கலைங்க. இந்தக் காகிதத்துல அம்மான்னு உங்க பேர்தான் இருக்கு, பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினீர்கள். அவர் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் காப்பி டம்ளரைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை நகர்ந்து நகர்ந்து போய் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தாளில் கைரேகை வாங்கினார்கள், அதோடு பிள்ளையை எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றே அதுவரை அவர் நம்பியிருந்தார். நமக்கு மலையாளம் பேச வரும், பஸ் போர்டு படிப்போம். ஆனால் அரசாங்க உத்தரவு என்று வந்தால் எல்லைப்புறத்தில் பாதிப் பேருக்கு அது புரியாத காகிதம்தான். இதற்கென்று தமிழ் தெரிந்த ஒரு ஆள் கூடவே வருவது எவ்வளவு பெரிய உதவி என்பதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன்.

மாதா மாதம் பிள்ளையைப் பார்க்க வருவது சட்டப்படியான வேலை. அதை ஒரு சோதனை மாதிரி இல்லாமல், சொந்தக்காரர் வீட்டுக்கு வருவது மாதிரி செய்தவர்களுக்கும் நன்றி.

பள்ளிக்கூட கவுன்சிலர் டீச்சருக்கு ஒரு டப்பாவுக்காக நன்றி சொல்ல வேண்டும். வந்த புதிதில் பிள்ளை சாப்பாட்டை ஒளித்துவைக்கும். தலையணை உறைக்குள் சப்பாத்தி இருக்கும், புத்தகப் பைக்குள் இட்லி ஊசிப்போய் நாறும். எறும்பு வந்த பிறகுதான் தெரியும். திட்டவும் மனசில்லை, விடவும் முடியவில்லை. உங்களிடம் வந்து கேட்டபோது, "அதுக்குன்னு ஒரு டப்பா கொடுங்க. அலமாரியில் அதோட தட்டுல வைங்க. தீரத் தீர நிரப்புங்க, எத்தனை எடுத்துச்சுன்னு எண்ணாதீங்க" என்றீர்கள். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, பொரிகடலை என்று போட்டுவைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா விஷயம் தெரிந்து தன் பங்குக்கு அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தார். முதலில் ஒரே நாளில் காலியாகும். அப்புறம் வாரக்கணக்கில் அப்படியே இருக்க ஆரம்பித்தது. பசிக்குப் பயந்த பிள்ளையிடம் ஒழுக்கம் பேசாமல் இருக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான்.

பிள்ளை அதுவரை படித்தது தமிழ் வழியில். வருட நடுவில் மலையாள வழிக்கு மாற்றியிருந்தால் படிப்பே விட்டுப்போயிருக்கும். தமிழ்ப் பிரிவில் இடம் வாங்கித் தந்த ஹெட்மாஷுக்கும், வாரம் ஒரு கடிதம் அம்மாவுக்கு எழுதவைத்த தமிழ் டீச்சருக்கும் நன்றி. அந்தக் கடிதங்களை அம்மா யார் துணையும் இல்லாமல் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

உதவித்தொகை வரத் தாமதமான மாதங்களில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்த பலசரக்குக் கடை அண்ணாவுக்கு நன்றி. பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்கப் போனபோது ஒரு வங்கியில், பெற்ற தாய் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று எங்களைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். குழுவின் உத்தரவை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து, மேனேஜர் அறையிலேயே உட்கார்ந்து காரியத்தை முடித்துக்கொடுத்த சாருக்கும் நன்றி. எங்கள் தெரு அயல்கூட்டத்தாரே, பிள்ளையைக் குடும்பஸ்ரீயின் குழந்தைகள் கூட்டமான பாலசபையில் சேர்த்துக்கொண்டீர்கள். உன் அப்பா எங்கே, அம்மா எங்கே என்று உங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 18 வயது முடிந்து இல்லத்திலிருந்து வெளியே வந்து, பாலிடெக்னிக் படித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த தம்பி. இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு 21 வயது வரை பின்கவனிப்பு உதவி தரவும், தேவைப்பட்டால் 23 வரை நீட்டவும் வழி இருக்கிறது. இதை எங்களுக்குச் சொன்னதே அவர்தான். கணக்கைவிட அவர் சொன்ன இன்னொன்று பெரிது. "அக்கா, பத்து வயசு வரைக்கும் எனக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இதுக்கு எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றார். அன்றிலிருந்து ஒரு ஃபைல் போட்டோம். பள்ளி ஆண்டுவிழாப் படம், மார்க் ஷீட், விழுந்த பல்லின் தேதி, அம்மை போட்ட நாள், மலம்புழா போன டிக்கெட் எல்லாம் அதில் இருக்கின்றன. போகும்போது பிள்ளை கையில் அதைக் கொடுத்தனுப்பினோம். தம்பி, உங்களுக்குக் கிடைக்காததை இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கச் செய்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் நீங்கள் இங்கேதான் சாப்பிட வேண்டும்.

கடைசியாக, பிள்ளையின் அம்மாவுக்கு. உங்களை ஊர் என்னென்னவோ பேசியது. அவ்வளவு முடியாத நிலையிலும், பிள்ளையைப் பார்க்கலாம் என்று குழு சொன்ன நாள் ஒன்றைக்கூட நீங்கள் தவறவிடவில்லை. நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, வந்த களைப்பில் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தாலும், பிள்ளைக்குத் தலை வாரவோ நகம் வெட்டவோ ஏதோ ஒரு வேலையை உங்கள் கையால் செய்துவிட்டுத்தான் போவீர்கள். எங்களைப் பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள். எங்களிடம் உங்களுக்குப் பொறாமை வந்திருக்கலாம், கோபம் வந்திருக்கலாம், அதில் தப்பே இல்லை. நீங்கள் எங்களை உறவாக்கிக்கொண்டீர்கள்.

இந்த மடலை வெளியிடும் முன் போனில் அவருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். லைன் வீட்டுக்காரரைப் பற்றி முதலில் நான் எழுதவில்லை, அதைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

நன்றியுடன்,
பாலக்காட்டிலிருந்து ஒரு பெரியம்மாவும் பெரியப்பாவும்