பதினெட்டுப் பிள்ளைக்கும் உலை ஒன்றுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது அடுத்த ஆகஸ்டுக்குள் 31,008 அரசுப் பள்ளிகளுக்குப் பரவியதைப் பள்ளிக்குள் இருந்தே பார்த்தவள் நான். அதற்கு முன்பெல்லாம் காலை வழிபாட்டில் வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது மயங்கிச் சரியும். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். எங்கள் பள்ளியில் காலை அடுப்பு எரியத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியையாக இருந்து 2024-ல் ஓய்வு பெற்றேன். கடைசி வருடங்களில் எங்கள் பள்ளியில் 18 பிள்ளைகள். அந்த 18 என்ற எண் மதியச் சத்துணவில் படுத்தும் பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மதிய உணவுக்கான பணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. அரிசியை மத்தியத் தொகுப்பிலிருந்து இலவசமாகத் தருகிறார்கள், ஒரு தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம். பருப்பு, எண்ணெய், காய்கறி, மளிகை, எரிபொருள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து நாடு முழுமைக்கும் ஒரு தொகை வைத்து, மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. 2022 அக்டோபரிலிருந்து தலைக்கு 5.45 ரூபாய், 2024 டிசம்பரில் 6.19, 2025 மே முதல் 6.78. இது குறைந்தபட்சத் தொகைதான். தமிழ்நாடு தன் பணத்திலிருந்து இன்னும் சேர்க்கிறது, பள்ளி நாள்தோறும் முட்டை தருகிறது. அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 6.78 வீதம் ஒரு நாளைக்கு 1,220 ரூபாய். 18 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 122 ரூபாய். பிள்ளைகள் பத்தில் ஒரு பங்கு என்பதால் செலவும் பத்தில் ஒரு பங்காகிவிடுமா? உலை கொதிக்கிற வரைக்கும் எரிகிற எரிவாயு அப்படிக் குறைந்துவிடாது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் காய்கறி என்பது விதி. 18 பேருக்கு 900 கிராம். பெரிய பள்ளியில் சத்துணவுப் பொறுப்பைப் பார்க்கிற அமைப்பாளர் சந்தைக்குப் போய் ஒன்பது கிலோவை மொத்த விலைக்குப் பேசி வாங்கிவிடுவார். ஒரு கிலோகூட வராத காய்க்காக எங்கள் அமைப்பாளர் பஸ் ஏறிச் சந்தைக்குப் போக முடியுமா? ஊரில் இருக்கிற ஒரே பெட்டிக்கடையில், அவர்கள் சொல்கிற விலைக்குத்தான் வாங்குவார். பஸ்ஸில் போனாலும் அந்த டிக்கெட் காசு எந்தக் கணக்கிலும் ஏறாது.

2023 ஜூலையை நான் மறக்க மாட்டேன். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போன மாதம். அப்போதிருந்த 5.45 வீதப்படி எங்கள் 18 பிள்ளைகளின் ஒரு நாள் பங்கு மொத்தமே 98 ரூபாய் 10 காசு. அந்த மாதத்தில் ஒருநாள், தக்காளி சாதம் போட வேண்டிய நாள். அமைப்பாளர் அம்மா காலையில் ஒரு கூடை முருங்கைக்கீரையோடு வந்தார். அவர் வீட்டு மரத்தில் ஒடித்தது. புளியும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். நான் மளிகைக்கு என்று 50 ரூபாய் நீட்டினேன். "உங்க காசும் என் காசும் எத்தனை நாளைக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அவர் எங்கள் பள்ளியோடு சேர்த்து மூன்று சத்துணவு மையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலியிடங்களை நிரப்பாததால் மாநிலம் முழுக்க எத்தனையோ அமைப்பாளர்களுக்கு இதே கூடுதல் பொறுப்புதான்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. வந்த பிள்ளைகளின் எண்ணிக்கைப்படிதான் அன்றைய கணக்கு. மழை நாளில் 11 பேர் வந்தால் 11 பேருக்குத்தான். பெரிய பள்ளியில் இருபது பேர் வராவிட்டாலும் குழம்பின் அளவில் அது தெரியாது. எங்களுக்கு ஏழு பேர் வராவிட்டால் அன்று தாளிப்பதற்கே யோசிக்க வேண்டும். நேர்மையான ஒரு பெண்ணைப் பதிவேட்டில் ஒன்றிரண்டு தலையைக் கூட்டிப் போடலாமா என்று நினைக்கவைக்கிற ஏற்பாடு இது. எங்கள் அமைப்பாளர் அம்மா ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அந்த நெருக்கடிக்கு அவரை ஆளாக்கியது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். சமையலர் நியமனத்துக்கான மத்திய விதியைப் பாருங்கள். 25 பிள்ளைகள் வரை ஒருவர், 26 முதல் 100 வரை இருவர், அதற்கு மேல் நூற்றுக்கு ஒருவர். பத்துப் பிள்ளை இருந்தாலும் ஒரு முழு ஆள் வேண்டும் என்று அந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளி மானியத்திலும் அப்படித்தான், 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 25,000 என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். காய்கறி, மளிகை, எரிபொருள் மூன்றுக்கும் இதே வழியைக் கொண்டுவர வேண்டும். 30 பிள்ளைகளுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு மையத்துக்கும், எத்தனை பேர் வந்தாலும், நாளொன்றுக்கு ஓர் அடிப்படைத் தொகை. அதற்கு மேல் தலைக்கணக்கு. மத்திய அரசு ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முட்டையையும் காலை உணவையும் தானே கொண்டுவந்த மாநிலம் இதையும் செய்யலாம்.

சின்னப் பள்ளிகளைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து அடுத்த பள்ளிக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? மாநகராட்சிகளில் காலை உணவை ஒரே இடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புவதுபோல மதியத்துக்கும் செய்யலாம் என்பது இன்னொரு யோசனை. நகரத்துக்கு அது பொருந்தலாம். கிராமத்தில் எங்கள் சமையலருக்கு எந்தப் பிள்ளை நேற்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தது என்பது தெரியும். அந்தத் தட்டில் இன்னொரு கரண்டி தானாக விழும். வண்டியில் வருகிற பாத்திரத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சமையலர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்தியத் திட்டத்தில் சமையலருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய், அதுவும் வருடத்தில் பத்து மாதத்துக்குத்தான். 2009-ல் வைத்த தொகை, இன்னும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு இதைவிட அதிகமாகத் தருகிறது என்றாலும், 2024 கடைசியில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணை வந்தபோது தொடக்க ஊதியம் மாதம் 3,000 ரூபாய் என்றுதான் இருந்தது. நாளுக்கு நூறு ரூபாய். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். அவர்களுக்கு இதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பதையே சாக்காக வைத்து இத்தனை வருடம் குறைந்த கூலியில் ஓட்டிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் பிள்ளைகளின் சோறு கணக்குப் பிரச்சினையில் ஒருமுறை நின்றே போயிருக்கிறது. 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி. தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததும் 1925-ல் நின்றுபோனது. காமராசர் காலத்தில் 1956-ல் மீண்டும் அடுப்பு எரிய ஊர் மக்கள் நெல்லும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். இன்று அரசிடம் அதற்கான நிதித் தலைப்பும் பணமும் இருக்கின்றன. வாய்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

வரும் நிதிநிலை அறிக்கையில் சமூக நலத்துறை இந்த அடிப்படைத் தொகையை அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் செய்தியாளர் ஒருவரை 20 பிள்ளைகளுக்கும் குறைவான ஏதாவது ஒரு பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். மாதக் கடைசியில் போகட்டும். அமைப்பாளரின் கையிருப்புப் பதிவேட்டையும், பக்கத்துப் பெட்டிக்கடையில் அவர் பெயரில் இருக்கிற கடன் நோட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.