‘சோனி இருந்தால் மட்டும் கூப்பிடவும்’

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாகக் கேமரா வாங்குபவர்களுக்கு எந்தக் கம்பெனி நல்லது என்று போன வாரம் உங்கள் பேப்பரில் வந்த குறிப்பைப் படித்தேன். கும்பகோணத்தில் 22 வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். எந்தக் கம்பெனி என்ற இந்தக் கேள்விதான் இப்போது எங்கள் தொழிலில் சின்னப் பையன்களைக் கடனில் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் எல்லா ஆர்டரையும் ஒரு ஆளே எடுக்க முடியாது, கூட வர ஆள் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி போடுவோம். முன்பெல்லாம் தேதி, மண்டபம், சம்பளம், அவ்வளவுதான் இருக்கும். இப்போது அடியில் ஒரு வரி சேர்ந்துவிட்டது: “சோனி இருந்தால் மட்டும் கூப்பிடவும்.” என் சித்தப்பா மகன் நிக்கான் டி750 வைத்து அருமையாக எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு வரிக்காகப் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), இரண்டு லென்ஸ், பிளாஷ் எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு சோனி வாங்கினான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

நானும் ஒரு கம்பெனி ஆள்தான், மறைக்கவில்லை. நான் தொழில் கற்ற ஸ்டுடியோ முதலாளி நிக்கான் எஃப்எம்2 வைத்திருந்தார், அதனால் நானும் நிக்கான். நிக்கான் டி70 வாங்கியபோது அவருடைய 80-200 ஜூம் லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, காசு வரும்போது கொடு என்றார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான், குரு எதைப் பிடித்தாரோ அதையே சிஷ்யனும் பிடித்தான். அப்புறம் லென்ஸ் ஒவ்வொன்றாகச் சேரச் சேர வெளியே வர முடியாது. பாடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடலாம், பெட்டியில் இருக்கும் மூன்று நான்கு லென்ஸை அப்படி மாற்ற முடியுமா?

கை பழகிப்போவது இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவருக்கு உதவியாக நாச்சியார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், அவருடைய கேனானைக் கொடுத்தார். கேனானில் ஜூம் வளையம் திரும்புவது ஒரு பக்கம், நிக்கானில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துத் திருப்பினேன், ஒன்றும் தவறவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும், எல்லாரும் அட்சதையை எடுத்து வீச, நான் தாலியில் போகும் விரலை நெருக்கமாகப் பிடிக்க வளையத்தைத் திருப்பினேன், கை பழைய பக்கமே திரும்பியது. மேடை முழுக்க, ஹோமப் புகை, மேலே தொங்கும் பூச்சரம் எல்லாம் பிரேமுக்குள் வந்து நிற்கிறது, விரலைக் காணோம். சரிசெய்து நெருங்குவதற்குள் மாப்பிள்ளை போட்ட முடிச்சு முடிந்து நாத்தனார் கை வந்துவிட்டது. நண்பர் அந்தப் பக்கம் நின்று எடுத்திருந்ததால் ஆல்பம் பிழைத்தது. கேமரா மாற்று என்று ஒருவனிடம் சுலபமாகச் சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் நாம் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பெனிகள் நம்மை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கேனான் 1987-ல் இஓஎஸ் என்ற புதுக் கேமரா வரிசையைக் கொண்டுவந்தபோது, அதுவரை மக்கள் வாங்கிய எஃப்டி லென்ஸ் எதுவும் அதில் பொருந்தவில்லை. மவுண்ட் என்றால் லென்ஸ் பாடியில் மாட்டும் வாய்; நிக்கான் 1959-லிருந்து வைத்திருந்த எஃப் மவுண்டை விட்டு 2018-ல் இசட் மவுண்டுக்குப் போனது. பழைய லென்ஸை மாட்ட நிக்கானின் அடாப்டர் உண்டு, என்றாலும் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அதில் ஆட்டோபோகஸ் கிடையாது. கோனிகா மினோல்டா 2006-ல் கேமராத் தொழிலையே விட்டு சோனி கையில் கொடுத்தது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021-ல் கைமாறியது. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்குப்படி 2010-ல் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின, 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. செல்போன் அவ்வளவையும் தின்றுவிட்டது.

இதில் கேனானா நிக்கானா என்று டீக்கடையில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1936-ல் வந்த முதல் கேனான் கேமரா, ஹன்சா கேனான், அதில் இருந்தது நிக்கார் லென்ஸ், அதாவது இன்றைய நிக்கான் கம்பெனி செய்து கொடுத்தது. இன்று நிக்கானின் பல கேமராக்களில் உள்ளே பிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சென்சார் சோனி செய்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் செய்துகொள்கிறார்கள், நம் பையன்கள்தான் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

சோனி மேலே வந்தது சும்மா இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2013-லேயே முழு பிரேம், அதாவது பழைய பிலிம் அளவு சென்சாரோடு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஏ7-ஐக் கொண்டுவந்துவிட்டார்கள், கேனானும் நிக்கானும் அந்த இடத்துக்கு வர 2018 ஆனது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் போகஸ் ஓடியாடும் குழந்தைகளை எடுக்கும்போது எவ்வளவு பெரிய உதவி என்று வேலை செய்பவனுக்குத் தெரியும். வீடியோவில் இந்த நிபந்தனைக்குக் காரணமும் இருக்கிறது. ஒரே கல்யாணத்தை இரண்டு கம்பெனி கேமராவில் எடுத்தால் இரண்டின் கலரும் ஒன்றாக வராது, எடிட்டர் இரண்டு நாள் கூடுதலாக உட்கார வேண்டும். வீடியோவுக்கு ஆள் கேட்பவர் சோனி கேட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

போட்டோவுக்கு எதற்கு? போன தையில் ஒரு ஆல்பம் செய்தோம். நான் நிக்கான், கூட வந்தவர்களில் ஒருவர் கேனான், ஒருவர் சோனி. ஆல்பம் வடிவமைக்கும் தம்பி நாங்கள் எடுத்ததைக் கலந்து, நலங்கு படங்களை ஒரே விரிப்பில் வைத்திருந்தார். மஞ்சள் பூசிய கை, பெண்ணின் முகம், பாட்டியின் மூக்குத்தி. எது யார் எடுத்தது என்று அவரிடம் கேட்டேன், ஐந்து படத்தில் மூன்றைத் தப்பாகச் சொன்னார். அவர் வருடம் முழுக்க இதே வேலை பார்ப்பவர். பெண் வீட்டார் அந்தப் பாட்டி படத்தைப் பெரிதாகப் போட்டுக் கேட்டார்கள், கேமரா என்னவென்று யாரும் கேட்கவில்லை.

அதனால் ஆள் கேட்டுச் செய்தி போடும் ஸ்டுடியோக்காரர்களிடம் வேண்டிக் கேட்கிறேன். போட்டோ வேலை என்றால் அந்தப் பையன் எடுத்த முப்பது படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அந்த வரியை எடுத்துவிடுங்கள். நீங்களும் அடுத்த தடவை கேமரா குறிப்பு போடும்போது, கையில் ஏற்கெனவே என்ன லென்ஸ் இருக்கிறது, பக்கத்தில் சர்வீஸ் எங்கே, பழைய பாடி கிடைக்குமா என்பதை முதலில் கேட்கச் சொல்லி எழுதுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் திருச்சியிலும் சென்னையிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, இரண்டு முகூர்த்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

இந்த ஆவணியில் எனக்கு நான்கு ஆர்டர் இருக்கிறது. டி750 வைத்திருக்கும் இன்னொரு பையனைக் கூப்பிட்டிருக்கிறேன், விற்றுவிடாதே, அதையே எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
கும்பகோணம்