மாம்பழத் தோலு கம்பெனில, சாணி எங்க ஊருல

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமத்துலேந்து எழுதறேன். மூணு ஏக்கர் மாந்தோப்பு, நாலு கறவை மாடு, இதுதான் எங்க பொழப்பு. சீசன் வந்தா எங்க ரோட்டுல டிராக்டர் டிராக்டரா பெங்களூரா ரக மாங்காய் மாங்கூழ் கம்பெனிக்கு போகும், அதே ரோட்டுல ராத்திரி டிப்பர்ல தோலும் கொட்டையுமா திரும்பி வரும். போன சீசன்ல எங்க ஊரு குட்டை ஓரமா கொண்டாந்து கொட்டிட்டு போனாங்க, யாருன்னு தெரியல, பத்து நாள்ல அது புளிச்சு நாறி, ஈ மொய்ச்சு, கொழந்தைங்கள வாசல்ல உக்கார வச்சு சோறு ஊட்ட முடியல. மழை வந்துச்சுன்னா அந்த புளிச்ச தண்ணி ஓடையில எறங்கி தென்பெண்ணைக்கு தான் போகுது.

கம்பெனிய மூடுங்கன்னு சொல்றதுக்கு எழுதலைங்க. அது இல்லைன்னா எங்க காய யாரு வாங்குவா. ஆனா ஒரு டன் பழம் உள்ள போனா சுமார் 400 கிலோ தோலும் கொட்டையுமா வெளிய வருதே, அதை குப்பைன்னு நெனைக்கறதுதான் எனக்கு மனசு ஆறல.

எங்க வீட்டுல 2 கன மீட்டர் சாண எரிவாயு கலன் இருக்கு. தெனமும் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணி, கரைச்சு ஊத்தணும், அவ்ளோதான். ஒரு கன மீட்டர் கேஸு சிலிண்டர் கேஸுல அரை கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா வேலை செய்யும், அப்படி பாத்தா மாசத்துக்கு ரெண்டு சிலிண்டருக்கு கொஞ்சம் கம்மியா எங்களுக்கு மிச்சம். வெளிய வர்ற கரைசல் மாமரத்துக்கு போகுது. சாணிய அப்படியே குப்பையில போட்டு வச்சா வர்ற களை விதை தொல்லை இதுல ரொம்ப கம்மி, இதை எங்க தோப்புலயே பாத்துட்டேன்.

ரெண்டு வருசம் முன்னாடி சீசன்ல, தோலு சும்மா கெடக்குதேன்னு ரெண்டு கூடை தூக்கி கலனுக்குள்ள போட்டுட்டேன். மூணாம் நாளு கேஸு நெறைய வர்ற மாதிரி இருந்துச்சு ஆனா அடுப்பு பத்தவே இல்ல. அப்புறம் கேஸே சுத்தமா நின்னு போச்சு. விசாரிச்சப்போ தான் புரிஞ்சுது, உள்ள ரெண்டு கூட்டம் நுண்ணுயிர் வேலை செய்யுதாம், ஒண்ணு இனிப்ப தின்னு புளிப்பாக்குது, இன்னொண்ணு அந்த புளிப்ப தின்னு மீத்தேனாக்குது, முதல் கூட்டம் வேகம், ரெண்டாவது ரொம்ப மெதுவு. பழத்தோலு ஒரேயடியா விழுந்தா புளிப்பு ஏறி ரெண்டாவது கூட்டம் படுத்துடும், அதுக்கு பி.எச்., அதாவது புளிப்ப அளக்கற எண், 7 பக்கத்துல இருந்தாதான் ஆகும். தோலு போடறத நிறுத்திட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, இருபது நாளு வெறும் சாணிக்கரைசல் மட்டும் ஊத்தி சரி பண்ணோம். இப்ப சீசன்ல பொடிசா நறுக்கி, தெனம் அஞ்சு கிலோவுக்கு மேல போகாம சாணியோட சேத்து ஊத்தறேன், அடுப்பு முன்ன விட நல்லா எரியுது.

இதை ஏன் இவ்ளோ இழுத்து சொல்றேன்னா, தோலு கம்பெனிகிட்ட இருக்கு, சாணி எங்ககிட்ட இருக்கு, ரெண்டும் தனித்தனியா இருக்கற வரைக்கும் கம்பெனிக்கு அது தொல்லை, எங்களுக்கு அது நாத்தம். சேந்தாதான் கேஸு. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் நாலஞ்சு கம்பெனிக்கு நடுவுல ஒரு பெரிய பொதுக்கலன் கட்டுனா, சுத்துப்பட்டு கிராமத்துலேந்து பால் சொசைட்டிக்கு பால் ஊத்தற மாதிரியே சாணிய எடை போட்டு வாங்கலாம். கேஸு பாய்லருக்கு போகட்டும், பாய்லருக்கு எரிக்கற விறகாவது மிச்சமாகும். பக்கத்துல ஸ்கூல் இருந்தா காலை உணவு சமைக்கற அடுப்புக்கும் ஒரு பைப்பு இழுக்கலாம். கரைசல் எங்க தோப்புக்கு திரும்பி வரட்டும், அதுல இருக்கற சத்து எங்க மண்ணுலேந்து போனது தானே.

கொட்டைய மட்டும் இதுல போடக்கூடாதுங்க, அது மக்க நாளாகும். ஒடைச்சு பருப்ப எடுத்தா அதுல கொழுப்பு இருக்கு, சாக்லேட்டுல கொக்கோ வெண்ணெய்க்கு பதிலாவும் சோப்புக்கும் அதை சேக்கறாங்க. ஒடைச்ச ஓடு காய வச்சா நல்ல எரிபொருள். கொட்டை பொறுக்கி காய வைக்கற வேலை எங்க ஊரு மகளிர் குழுவுக்கு குடுத்தா நாங்க செய்யத் தயார்.

சீசன் மூணு மாசம் தானே, மீதி ஒம்போது மாசம் கலன் சும்மா கெடக்குமேன்னு கேப்பாங்க. ஏன் கெடக்கணும்? வெல விழுந்தா ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிய ரோட்டோரம் கொட்டிட்டு விவசாயி வெறுங்கையோட போறத வருசா வருசம் பாக்கறோம். சந்தைக் காய்கறி கழிவு இருக்கு, ஓட்டல் சோறு இருக்கு, சாணி எப்பவும் இருக்கு. மாம்பழத் தோலையே வைக்கோலோட அமுக்கி காத்து போகாம மூடி வச்சா சைலேஜுங்கற ஊற வச்ச தீவனம் மாதிரி மாட்டுக்கும் ஆகும்.

2016-லயே திடக்கழிவு விதி வந்து, மக்கற குப்பைய தனியா பிரிச்சு உரமாவோ கேஸாவோ ஆக்கணும்னு சொல்லியாச்சு. 2018-ல, சாணியையும் மக்கற கழிவையும் கேஸாவும் உரமாவும் ஆக்கற மத்திய அரசோட கோபர்தன் திட்டமும் வந்தாச்சு. அதனால மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுதல் ஒண்ணே ஒண்ணு. அடுத்த சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி, தை மாசத்துக்குள்ள, மாங்கூழ் கம்பெனிக்காரங்களையும் சுத்துப்பட்டு பஞ்சாயத்து தலைவர்களையும் மாடு வச்சிருக்கற எங்களையும் ஒரே எடத்துல உக்கார வையுங்க. எங்க ஊருலேந்து ஒரு நாளைக்கு எத்தன கிலோ சாணி குடுக்க முடியும்னு வீடு வீடா போயி கணக்கெடுத்து நான் கொண்டாந்து தர்றேன்.

இப்படிக்கு,
ஒரு மாந்தோப்பு விவசாயி,
காவேரிப்பட்டணம் வட்டாரம், கிருஷ்ணகிரி மாவட்டம்.