குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், தெருவிளக்கு மனுக்களின் நகல்கள் மேசை மேல் இருக்கின்றன. இந்த ஆண்டு நம் உழைப்பு பெரும்பாலும் இழப்பீடு கேட்கும் மனுவுக்கே போனது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கூவம் கரையில் நம் வீடுகளை இடித்தபோது கிடைத்தவை: இங்கே ஒரு வீடு, சாமான் ஏற்ற 5,000 ரூபாய், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய். மாதப் பணம் பல குடும்பங்களுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. வீட்டைக் குறை சொல்லவில்லை. மழை வந்தால் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை. போனது பிழைப்பு.

ஐந்தாம் மாடியில் இருக்கும் பெரியவரை எல்லோருக்கும் தெரியும். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரே மரத்தடியில் இஸ்திரி போட்டவர். வீட்டை இடித்த அன்று லாரியில் பீரோவும் பாத்திரமும் ஏறின, இஸ்திரி வண்டிக்கு இடமில்லை. இடித்த கல்மண்ணோடு வண்டியும் போயிற்று. பித்தளை இஸ்திரிப் பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் இருக்கிறது, உள்ளே பழைய சாம்பல்கூடக் கொட்டாமல்.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை வக்கீல் ஒருவரை உட்காரவைத்துப் படித்தோம். சாமான் ஏற்ற 50,000, மீள்குடியேற்றப் படி 50,000, ஓராண்டுக்கு மாதம் 3,000, சிறு வியாபாரிக்கும் கைவினைஞருக்கும் குறைந்தது 25,000. நாம் இருந்தது புறம்போக்கு. அரசு தன் நிலத்தைத் தானே எடுத்துக்கொண்டதால் இது நமக்குப் பொருந்தாது என்கிறார்கள். சரி, நிலம் அரசுடையது. வண்டி யாருடையது?

மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்பும் அடக்கம் என்றது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மனுவில் இரண்டையும் எழுதியிருக்கிறோம். பாதியை மறைத்தால் மீதியை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லதுதான். ஆனால் விடியுமுன் கிளம்பினாலும் இரண்டு வீட்டு வேலைதான் முடிகிறது. முன்பு நான்கு வீடு பார்த்தவர்கள். கல்யாணமான பிள்ளைகளையும் சேர்த்து ஒரே ரேஷன் கார்டு, ஒரே வீடு என்று கணக்கிட்டதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

அப்புறம் ஒரு சொல். அரசு வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது காலி செய்பவர்களுக்கான தொகை 2021-ல் 8,000-லிருந்து 24,000 ஆனது. வரவேற்கிறோம். ஆனால் அதன் பெயர் கருணைத் தொகை. நம் மனுவில் எந்த இடத்திலும் அந்தச் சொல் இல்லை. இழப்பீடு என்றே எழுதியிருக்கிறோம், கையெழுத்துப் போடுமுன் நீங்களே படித்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை கையெழுத்து வாங்கத் தொடங்குகிறோம். பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், தொழில் செய்ததற்கு எந்த அத்தாட்சி இருந்தாலும் கொண்டுவாருங்கள். வண்டிப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்