கர்ப்பிணிகளின் இடுப்பு வலியும் இயன்முறை சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்ப கால இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நம் வீடுகளில் கர்ப்பிணிகளின் இடுப்பு வலிக்கு இரண்டே பதில்கள்: 'பிள்ளைத்தாச்சிக்கு வலிக்கத்தான் செய்யும்', இல்லாவிட்டால் 'பேசாமல் படு'. என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் படுக்கையில் புரள்வதே பெரும்பாடாகிவிட்டது. ஸ்கேனும் சத்து மாத்திரையும் எழுதித் தந்த இடத்தில் இதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம் தெரிந்தவர் சொல்லி ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனோம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, எழும்போது இரு முழங்கால்களையும் சேர்த்தே திருப்பிக் கையூன்றி எழுவது, இருமினால் சிறுநீர் கசியாமலிருக்க இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளை) இறுக்கித் தளர்த்துவது, கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் பத்து நாளில் அவளால் இரவில் தூங்க முடிந்தது.

ரத்தக்கசிவு போன்ற சிக்கல் உள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்பது சரி. மற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கும் அவர்களில் ஒருவரை அனுப்பலாம். வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே பெண்கள் இந்தப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்வார்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்